அரியர் வைத்தவர் வானியலாளர் ஆக ஆசைப்படலாமா?

இந்தக் கடிதத்தை எழுதியவருக்கு வயது 19. இயற்பியல் இளநிலைப் படிப்பில் நான்காம் செமஸ்டர் தொடங்கியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

எட்டாம் வகுப்பிலிருந்தே வானியல் ஆராய்ச்சியாளர் ஆகவேண்டும் என்பது இவருடைய ஆசை. ஆனால் இரண்டாம் செமஸ்டரில் நுண்கணிதத் தாள் அரியர். மறுதேர்வில் தேறினார். மூன்று செமஸ்டருக்கும் சேர்த்துச் சராசரி 62 சதவீதம். ஓர் ஊக்கப் பேச்சைக் கேட்ட பிறகு, "நான் வானியலாளர்" என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். தினமும் படுக்கும்முன் 10 நிமிடம், ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பதாகக் கண்ணை மூடிக் கற்பனை செய்கிறார். காலை 4 மணிக்கு எழுந்து படிப்பது என்று மூன்று முறை தொடங்கினார். ஒன்று 9 நாள் ஓடியது, அடுத்தது 14 நாள், கடைசி முயற்சி 6 நாள். "21 நாளைத் தாண்ட முடியாதவனுக்கு லட்சியம் ஒரு கேடா என்று என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது" என்கிறார்.

அப்பாவோ, "விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் வேணும். டிகிரியை முடிச்சிட்டு ஒரு வேலையைப் பாரு" என்கிறாராம். கடிதத்தில் என்னை நிறுத்திய வரி இது: "சந்திரசேகர் 19 வயதில் கப்பலில் போகும்போதே பெரிய கண்டுபிடிப்பைச் செய்துவிட்டார். எனக்கும் 19. ஒரு கணிதத் தாளையே இரண்டாம் தடவைதான் தேறினேன்." அவர் கேட்பவை மூன்று. இலக்கைக் குறைத்துக்கொள்ளவா? மாற்று வழி யோசித்தால் என் லட்சியத்தை நானே நம்பவில்லை என்று ஆகாதா? அப்பாவிடம் எப்படிப் பேசுவது?

தம்பி, முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். இலக்கைக் குறைக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் இலக்கு இருக்கிறது, ஏக்கம் இருக்கிறது, குற்ற உணர்ச்சியும் நிறைய இருக்கிறது. வருகிற புதன்கிழமை மாலை என்ன செய்யப்போகிறீர்கள் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. நீங்கள் தடுக்கி விழுவது அந்த இடத்தில்தான். இலக்கின் உயரத்தைப் பழி சொல்லிப் பயனில்லை.

கப்பலில் நடந்ததும் கப்பலுக்கு முன்னால் நடந்ததும்

வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர் 1930 ஜூலை கடைசியில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியபோது அவருக்கு 19 வயது என்பது உண்மை. வெள்ளைக் குறுமீனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீனின்) நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்ற கணக்கை அந்தப் பயணத்தில்தான் தொடங்கினார். அது சூரியனின் நிறையைப்போல் சுமார் 1.4 மடங்கு என்று இன்று படிக்கிறோம். ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்ததை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. 1928இல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, மாணவராக இருந்த சந்திரசேகர் அவரைப் போய்ப் பார்த்தார். நீ படித்துவைத்திருக்கும் அணு இயற்பியல் பழையதாகிவிட்டது என்று சோமர்ஃபெல்ட் சொல்லிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அன்று மனம் உடைந்திருக்கும். இவர் சோமர்ஃபெல்ட் கொடுத்த அச்சுப்படிகளை வாங்கிக்கொண்டு, எலக்ட்ரான்களுக்கான புதிய குவாண்டம் புள்ளியியலைத் தானாகவே படித்தார். 1929இல் அதை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கப்பலில் கணக்குப் போட்ட கைக்கு அந்தக் கருவிகள் ஏற்கெனவே பழக்கமாகியிருந்தன. அந்தக் கணக்கும் உடனே ஏற்கப்படவில்லை. 1935இல் அன்றைய பெரிய வானியலாளர் எடிங்டன் அதை அறிஞர்கள் கூடிய சபையிலேயே கேலி செய்தார். நோபல் பரிசு வந்தது 1983இல்.

ஆகவே உங்களை நீங்கள் ஒப்பிட வேண்டியது 1930ஆம் ஆண்டுக் கப்பலோடு இல்லை. தான் படித்தது போதாது என்று தெரிந்த 1928ஆம் ஆண்டு நாளோடு ஒப்பிடுங்கள். நுண்கணித அரியர் வந்த நாள் உங்களுக்கு அப்படியொரு நாளாக இருந்திருக்கலாம். அதை அவமானமாக மட்டும் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். பல்சார் என்ற துடிப்பு விண்மீனைக் கண்டுபிடித்த ஜோசலின் பெல் பர்னெல் 11 வயதில் எழுதிய பள்ளித் தேர்வொன்றில் தேறாதவர் என்பதையும் ஓரமாகக் குறித்துவையுங்கள். தேர்வில் தோற்றால் நல்லது என்று சொல்ல வரவில்லை. ஒரு தேர்வு அளப்பது அந்தத் தேதி நிலவரத்தை மட்டும்தான்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட சில தவறான செய்திகள்

1953இல் யேல் பல்கலைக்கழக மாணவர்களில் இலக்கை எழுதிவைத்த 3 சதவீதம் பேர், 20 வருடம் கழித்து மீதி 97 சதவீதம் பேரைவிட அதிகம் சம்பாதித்தார்கள் என்ற கதையையும் எழுதியிருந்தீர்கள். அப்படி ஓர் ஆய்வே நடக்கவில்லை. மேடைக்கு மேடை சொல்லிச் சொல்லி உண்மைபோல் ஆகிவிட்டது. எழுதிவைப்பது நல்ல பழக்கம்தான். சுவரில் எழுதிய எழுத்து தானாக ஒரு கணக்கையும் போட்டுத் தராது.

21 நாள் விஷயமும் அப்படித்தான். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர், முகச் சிகிச்சை முடிந்தவர்களுக்குப் புதிய முகம் பழக ஏறக்குறைய 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். அது நாளடைவில் "எந்தப் பழக்கமும் 21 நாளில் வந்துவிடும்" என்று திரிந்தது. லண்டனில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், புதுப் பழக்கம் ஊன்றச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளில் வந்தது, சிலருக்கு 254 நாள் தேவைப்பட்டது. இடையில் ஒருநாள் தவறினால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. நீங்களோ ஒவ்வொரு முறையும் ஒருநாள் தவறியதும் திட்டத்தையே தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். 14 நாள் எழுந்தீர்கள், 15ஆம் நாள் எழவில்லை. 16ஆம் நாள் எழுந்திருக்கலாமே!

4 மணிக்கு எழுவதே உங்களுக்குத் தேவைதானா என்பது அடுத்த கேள்வி. இரவு 12 மணிக்குப் படுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 4 மணிக்கு எழுந்தால் தூக்கம் நாலு மணி நேரம். உங்கள் வயதுக்கு 7 முதல் 9 மணி நேரம் வேண்டும். பதின்ம வயதில் உடம்பின் உறக்கக் கடிகாரம் தானாகவே பின்னால் தள்ளிப்போகும். இருபது வயதை ஒட்டித்தான் அது மிகவும் தாமதமாக ஓடுகிறது. பிறகு மெல்ல முன்னால் வரும். அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பப் படுத்ததைச் சோம்பேறித்தனம் என்கிறீர்கள். உடம்பு தன் கணக்கைக் கேட்டு வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அன்று படித்தது மூளையில் தங்குவதில் இரவுத் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால், தூக்கத்தை வெட்டிப் படிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. 4 மணியை விட்டுவிடுங்கள். மாலை 7 மணிக்குப் படித்த கணக்கும் கணக்குதான்.

கற்பனையைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு அதில் ஆறுதல் கிடைக்கிறது என்று தெரிகிறது. காப்ரியேலே ஏட்டிங்கன் என்ற உளவியலாளர், படிப்பை முடித்து வேலை தேடுகிறவர்களை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார். வேலை கிடைத்துவிட்டதாக இனிமையான கற்பனையில் அதிகம் திளைத்தவர்கள் குறைவாகவே விண்ணப்பித்திருந்தார்கள். அவர்களுக்கு வந்த வேலைகளும் குறைவு, சம்பளமும் குறைவு. என்னால் முடியும் என்ற எதிர்பார்ப்பு நல்லது. கிடைத்தேவிட்டது என்ற கனவில் ஊறுவது, ஓடாமலேயே ஓடி முடித்த நிறைவைத் தந்துவிடுகிறது. அந்தப் பத்து நிமிடத்தை அடியோடு விடச் சொல்லவில்லை. இரண்டு நிமிடம் இலக்கை நினையுங்கள். மீதி எட்டு நிமிடம், நாளை அதற்குக் குறுக்கே நிற்கப்போவது எது என்று யோசியுங்கள். உங்கள் விஷயத்தில் அது பெரும்பாலும் இரவு 8 மணிக்குக் கையில் ஏறும் போன்தான். நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இந்த வயதில் உயரமான இலக்கு எதற்கு?

உங்கள் அப்பா சொல்லும் "விரலுக்குத் தகுந்த வீக்கம்" கடன் வாங்குகிறவருக்குச் சரியான அறிவுரை. 19 வயதுக்காரருடைய விரல் இன்னும் வளர்கிற விரல். அதன் இன்றைய அளவை வைத்து 40 வயதுக்கு மோதிரம் செய்ய முடியாது.

இதில் வெறும் நம்பிக்கை வார்த்தையைத் தாண்டிய ஒரு காரணம் இருக்கிறது. இலக்கு என்பது இன்றைக்கு எதைப் படிக்க வேண்டும், எதை விடலாம் என்று சொல்கிற கருவி. வெறும் பட்டம் போதும் என்றால் வகையீட்டுச் சமன்பாட்டுப் பாடத்தில் பாஸ் மார்க் போதும், பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்காமலும் இருக்கலாம். ஆராய்ச்சி என்று வைத்துக்கொண்டால் இரண்டுமே கட்டாயம். இப்போது தாழ்வான இலக்கை வைத்துவிட்டு 26 வயதில் உயர்த்த நினைத்தால், அப்போது கணிதத்தை அடியிலிருந்து தொடங்க வேண்டும். முடியாததில்லை, தொடங்கியவர்களும் உண்டு. ஆனால் அந்த வயதில் வேலை, குடும்பம், தவணை எல்லாம் தோளில் ஏறியிருக்கும். மாறாக, உயரமான இலக்கை வைத்து உழைத்துவிட்டுப் பின்னால் இறங்கினாலும் கற்ற கணிதமும் நிரலாக்கமும் கையோடு வரும். மேலிருந்து கீழே வருவது எளிது, கீழிருந்து மேலே போவதற்குத்தான் வருடங்கள் வேண்டும். இளமையில் பெரிதாக யோசிக்கச் சொல்வதன் நியாயம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இலக்கு வைப்பதைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர்கள். "முடிந்தவரை செய்" என்று சொல்லப்பட்டவர்களைவிட, திட்டமான, கடினமான இலக்கு தரப்பட்டவர்கள் நன்றாகச் செய்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. கூடவே சில நிபந்தனைகளும் உண்டு. திறமை வேண்டும், மனம் ஒட்டியிருக்க வேண்டும், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அவ்வப்போது தெரிய வேண்டும். திறமை இன்னும் கைவராத சிக்கலான வேலையில், "90 மார்க்" என்று முடிவை இலக்காக வைத்தால் பதற்றம்தான் மிஞ்சும். அங்கே வைக்க வேண்டியது கற்றல் இலக்கு: "தொகையிடலில் என் பிழைகள் எந்தெந்த வகை என்று இந்த மாதத்துக்குள் கண்டுபிடிப்பேன்" என்பதுபோல. மேடைப் பேச்சுகளில் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

42 பக்கமும் 6 பக்கமும்

1981இல் பந்துரா, ஷங்க் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை உங்களுக்காகவே செய்ததுபோல் இருக்கும். கழித்தல் கணக்கில் பின்தங்கிய, கணக்கென்றாலே பிடிக்காத சிறுவர்களிடம் 42 பக்கப் பயிற்சி கொடுத்தார்கள். ஏழு அமர்வுகள். ஒரு குழுவிடம், "ஏழு அமர்வு முடிவதற்குள் 42 பக்கத்தையும் முடிக்கப் பாருங்கள்" என்றார்கள். இன்னொரு குழுவிடம், "ஒவ்வோர் அமர்விலும் 6 பக்கம் முடிக்கப் பாருங்கள்" என்றார்கள். வேலை ஒன்றுதான், 6 பெருக்கல் 7 என்றால் 42தான். ஆனால் 6 பக்கக் குழு திறமையிலும், "என்னால் முடியும்" என்ற எண்ணத்திலும், யாரும் சொல்லாமலே கணக்குப் போட உட்காரும் ஆர்வத்திலும் மற்றவர்களை மிஞ்சியது. தூரத்து இலக்கு மட்டும் வைத்த குழு, இலக்கே வைக்காத குழுவைவிடப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. உங்கள் சுவரில் இருப்பது 42 பக்கம், தம்பி. 6 பக்கம் எங்கேயும் இல்லை.

உங்கள் 6 பக்கத்தை இப்படி வகுக்கலாம். வாரத்தில் ஐந்து நாள் மாலை ஒன்றரை மணி நேரம், ஒருநாள் காலையில் நாலரை மணி நேரம், ஆக 12 மணி நேரம். கல்லூரி வீட்டுப்பாடம் இதில் சேராது. ஏழாம் நாள் ஓய்வு. பழுதுபார்க்க வேண்டிய தலைப்புகள் எட்டு: இயற்கணிதச் சுருக்கமும் திரிகோணமிதி முற்றொருமைகளும், எல்லை, வகையிடல், தொகையிடல், தொடர்கள், வெக்டர், அணிகள், வகையீட்டுச் சமன்பாடுகள். தலைப்புக்கு 40 கணக்கு என்றால் 320. நாளுக்கு 3 கணக்கு வீதம் வாரம் ஆறு நாள் போட்டால் 18 வாரம். இரண்டு வாரத்தைக் காய்ச்சலுக்கும் தேர்வுக்கும் விடுங்கள். மொத்தம் 20 வாரம்.

"இதை 12 வாரத்திலேயே முடிப்பேன்" என்று தோன்றும். அந்த நினைப்பைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். ஆனது 55.5 நாள். எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன 48.6 நாளையும் அது தாண்டிவிட்டது. நம் மனம் சொல்லும் காலத்தை 1.6ஆல் பெருக்கிக்கொள்வது நல்லது. 12 வாரம் ஏறக்குறைய 20 ஆகும். முன்பு மூன்று முறை உங்கள் திட்டம் உடைந்ததற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம். சறுக்கினால் எழுந்திருக்க அதில் இடமே வைக்கவில்லை.

கணக்குகளோடு ஒரு பிழை நோட்டு போடுங்கள். மூன்று பத்தி: என்ன எழுதினேன், ஏன் தவறியது, மறுபடி போடும் தேதி. எடுத்துக்காட்டுக்கு ஒன்று. எக்ஸ் காஸ் எக்ஸ் என்பதைப் பகுதித் தொகையிடலில் போடுகிறீர்கள். விடை எக்ஸ் சைன் எக்ஸ் மைனஸ் காஸ் எக்ஸ் என்று வருகிறது. தவறு. முதல் பத்தியில் அந்த வரியை அப்படியே எழுதுங்கள். இரண்டாம் பத்தியில் "கவனக்குறைவு" என்று எழுதாதீர்கள், அந்தச் சொல்லால் எந்தப் பயனும் இல்லை. "சூத்திரத்தில் முன்னால் ஒரு மைனஸ், சைன் எக்ஸின் தொகையீட்டில் இன்னொரு மைனஸ், இரண்டும் சேர்ந்து பிளஸ் ஆவதை எழுதாமல் மனதிலேயே போட்டேன்" என்று எழுதுங்கள். இப்போது மருந்து தெரிகிறது: குறிகளைத் தனி வரியில் எழுத வேண்டும். மூன்றாம் பத்தியில் மறுநாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் தேதிகள். அந்த நாட்களில் விடையைப் பார்க்காமல் வெள்ளைத்தாளில் முழுதாகப் போடுங்கள்.

பார்க்காமல் போடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னணியில் இருந்தார்கள்: அவர்களுக்கு 81 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். படித்தவற்றை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42. தேர்வுக்கு முந்தின இரவு "எல்லாம் தெரியும்" என்று இருந்ததும் தாளைப் பார்த்தவுடன் வெறுமையாகப் போனதும் உங்களுக்கு நடந்ததாக எழுதியிருந்தீர்களே, அது இதுதான்.

நாலு வாரம் கழித்து நோட்டில் பிழைகளை வகை பிரித்து எண்ணுங்கள். பெரும்பாலானவை குறி, பின்னம், முற்றொருமை என்று பள்ளிக் கணக்கிலேயே நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம். நுண்கணிதத்தில் தவறுகிறவர்களில் பலருக்கு நுண்கணிதம் புரிந்தே இருக்கும், அதற்கு அடியிலிருக்கும் இயற்கணிதம்தான் ஆடும்.

போனுக்கு ஒரே ஒரு வரி எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்: "மணி 7 அடித்ததும் போனை அடுத்த அறையில் சார்ஜில் போட்டுவிட்டு, முதல் கணக்கைக் கையால் காப்பி எடுப்பேன்." எப்போது, எங்கே, என்ன என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். இப்படி "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே கட்டிவைத்த முடிவுகள், வெறும் மன உறுதியைவிட நன்றாக வேலை செய்கின்றன என்பது கோல்விட்சர் என்ற உளவியலாளர் தொடங்கிவைத்த நீண்ட ஆய்வு வரிசையில் தெரியவந்த உண்மை.

வேலையை ருசி பார்த்தீர்களா?

இலக்கு உயரமா தாழ்வா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, அது உங்களுடையதா என்பது. வானியலாளர் என்ற பெயர் பிடிக்கிறதா, வானியலாளர் பார்க்கும் வேலை பிடிக்கிறதா? தொலைநோக்கி அருகே நிற்கும் நேரம் அவர்களுக்கு மிகக் குறைவு. பெரும்பகுதி நாள் கணினி முன்னால் தரவைச் சுத்தம் செய்வதிலும், நிரல் ஏன் ஓடவில்லை என்று தேடுவதிலும், கட்டுரை படிப்பதிலும், தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பம் எழுதுவதிலும் போகிறது. பெரிய தொலைநோக்கிகளில் அந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை நிராகரிக்கப்படும்.

அந்த வேலையில் 20 மணி நேரம் செய்து பாருங்கள். பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேட 2018இல் ஏவப்பட்ட டெஸ் விண்கலத்தின் தரவு யாருக்கும் இலவசம். பைத்தானில் லைட்கர்வ் என்ற தொகுப்பை நிறுவி, ஏற்கெனவே கோள் இருப்பது தெரிந்த ஒரு விண்மீனின் ஒளி நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைபடத்தை இறக்குங்கள். முதலில் வருவது அழகாக இருக்காது. கருவியின் மெதுவான ஏற்ற இறக்கம், விட்டுப்போன நாட்கள், அங்கங்கே தெறித்த புள்ளிகள் என்று கிடக்கும். அவற்றை நீக்கி, கோளின் ஒவ்வொரு சுற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்துப் பார்த்தால், தட்டையான கோட்டில் ஒரு சிறு பள்ளம் தெரியும். சூரியன் போன்ற விண்மீனை வியாழன் அளவுள்ள கோள் கடந்தால் ஒளி ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். மறைவது பரப்பு என்பதால் ஆரத்துக்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 0.01இன் வர்க்கமூலம் 0.1. கோளின் ஆரம் விண்மீனுடைய ஆரத்தில் பத்தில் ஒரு பங்கு! உங்கள் விடை வெளியான மதிப்பைவிடச் சிறிதாக வந்தால், பக்கத்து விண்மீனின் ஒளியும் கலந்து பள்ளத்தை ஆழம் குறைத்திருக்கிறதா என்று பாருங்கள். டெஸ் படத்தின் ஒரு புள்ளி வானத்தில் 21 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) அகலம், அதில் இரண்டு மூன்று விண்மீன்கள் சேர்ந்து விழுவது சகஜம்.

அந்தப் பள்ளத்தைத் தேடுகிற மூன்று மணி நேர எரிச்சலிலும் எழுந்து போக மனம் வரவில்லை என்றால், இலக்கு உங்களுடையது. அலுப்பாக மட்டும் இருந்தால் அதுவும் இப்போதே தெரிய வேண்டிய செய்திதான்.

செய்து முடித்ததை இரண்டு பக்கமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோடைப் பயிற்சிக்கு ஆய்வாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதும்போது இதுதான் உங்கள் அறிமுகம். கடிதம் 150 சொல்லைத் தாண்டக் கூடாது. அவருடைய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு உண்மையாகவே எழுந்த ஒரு கேள்வி, நீங்கள் செய்த வேலை இரண்டு வரி, என்ன வாய்ப்பு கேட்கிறீர்கள் என்பது ஒரு வரி. "சிறுவயது முதல் விண்மீன்கள் என்றால் ஆசை" என்ற தொடக்கம் வேண்டாம், எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். பத்துப் பேருக்கு எழுதினால் எட்டுப் பேர் பதில் போடாமல் இருக்கலாம். இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள். ஒரே கடிதத்தைப் பத்துப் பேருக்கும் பெயர் மாற்றி அனுப்பினால் படிக்கிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

மாற்று வழி துரோகமா?

இல்லை. ஆனால் உங்கள் பயத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஒரு வேலையைத் தொடங்கும்முன் மாற்று வழியை யோசிக்க வைத்தால் சிலர் முதல் வேலையில் காட்டும் முயற்சி குறைகிறது என்று 2016இல் வெளியான சோதனைகள் காட்டின. ஆகவே மாற்று வழியை ஒரே ஒருமுறை உட்கார்ந்து எழுதுங்கள். தேதி போட்டு உறையில் வைத்துவிடுங்கள். தினமும் எடுத்துப் பார்க்காதீர்கள்.

உறையில் என்ன எழுதுவது? பாதையின் நீளத்தை மறைக்காமல் எழுதுங்கள். பட்டத்துக்குப் பின் முதுநிலை, ஏறக்குறைய நாலைந்து வருட முனைவர் படிப்பு, பிறகு சில வருடம் தற்காலிக ஆய்வுப் பணி. முனைவர் பட்டம் பெறுகிறவர்களைவிட நிரந்தர ஆய்வுப் பணியிடங்கள் குறைவு. இது உங்கள் திறமையைப் பற்றிய தீர்ப்பு இல்லை, இடங்களின் எண்ணிக்கை. அதேசமயம் வானியலுக்குள் நுழையப் பல வாசல்கள் உண்டு. ஒளியியல் கருவி செய்கிறவர்கள், தொலைநோக்கியின் மென்பொருள் எழுதுகிறவர்கள், தரவுக் காப்பகம் பராமரிக்கிறவர்கள் இல்லாமல் எந்த ஆய்வகமும் ஓடாது. தரவுப் பகுப்பாய்வு கற்றவருக்கு வானியலுக்கு வெளியிலும் வேலை உண்டு.

உறைக்குமேல் ஒரு தேதி: ஐந்தாம் செமஸ்டர் முடிவு. அன்று மூன்றைப் பாருங்கள். கணிதத் தாள்களில் 70ஐத் தொட்டுவிட்டீர்களா? ஒரு சிறு ஆய்வு வேலையை முடித்து எழுதிவிட்டீர்களா? உங்கள் வேலையை நேரில் பார்த்து, பரிந்துரைக் கடிதம் தரக்கூடிய ஓர் ஆசிரியர் இருக்கிறாரா? இரண்டு இருந்தால் நேர்வழியில் தொடருங்கள். ஒன்றோ பூஜ்யமோ என்றால் உறையைப் பிரியுங்கள், வேறு வாசலைப் பாருங்கள். அந்தத் தேதிக்கு முன்னால், ஒரு மோசமான வாரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அப்பாவிடம் பேசுவது

பதினெட்டு வயது கடந்தவர் நீங்கள். என்ன படிப்பது என்று முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் செலவைச் சுமப்பவர் அப்பா என்கிறபோது உரிமையை முதல் வார்த்தையாக வைத்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். அவர் உங்கள் லட்சியத்தை எதிர்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எப்போது சம்பாதிப்பாய் என்ற கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் பழமொழி வந்து உட்காருகிறது.

ஆகவே அவரிடம் கனவை விவரிக்காதீர்கள். ஒரு பக்கத் தாளைக் கொடுங்கள். அதில் வருடவாரியாக நாலு வரி இருக்கட்டும்: எந்த வருடம் என்ன படிப்பு, அதற்கு யார் செலவு, எப்போது கையில் பணம் வரத் தொடங்கும், வராவிட்டால் என்ன வேலை. பல நாடுகளில் இயற்பியல் முனைவர் படிப்புக்கு மாத உதவித்தொகை உண்டு. அதாவது அது முழுக்க அவர் சுமக்கும் செலவாக இருக்காது. பெரும்பாலான வீடுகளில் இந்தச் செய்தியே தெரியாது. நீங்கள் குறிவைக்கும் இடங்களின் இப்போதைய தொகையையும் தகுதியையும் அவர்களுடைய அறிவிப்பிலேயே பார்த்து எழுதுங்கள், கேள்விப்பட்டதை எழுதாதீர்கள்.

பேச்சை இப்படித் தொடங்கலாம்: "அப்பா, நீங்க சொல்றதுல இருக்கிற கவலை எனக்குப் புரியுது. டிகிரி முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு. அதுவரைக்கும் கூடுதலா எந்தச் செலவும் வைக்கமாட்டேன். அஞ்சாம் செமஸ்டர் முடிஞ்சதும் நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து இந்தத் தாளைப் பார்ப்போம். நான் சொன்ன மூணுல ரெண்டு நடக்கலேன்னா, நீங்க சொல்ற வழியையும் சேர்த்துப் பேசலாம்." பிறகு நிறுத்திவிடுங்கள். அவர் உடனே சரி என்று சொல்லமாட்டார். சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். மாதம் ஒருமுறை பிழை நோட்டை அவர் கண்ணில் படும்படி மேஜைமேல் வைத்தாலே போதும்.

கடிதத்தின் கடைசியில், சில நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்று ஒரு வரி இருந்தது. அதைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இந்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலோ, இந்தத் திட்டத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அன்றே ஒரு மருத்துவரைப் பாருங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இலக்கு காத்திருக்கும்.

அது இல்லை, வெறும் சோர்வுதான் என்றால், இன்றிரவு செய்ய ஒரே வேலை இருக்கிறது. சுவரில் ஒட்டிய தாளைக் கிழிக்க வேண்டாம். அதற்குக் கீழே ஆறு பக்கம் என்று எழுதுங்கள். இரண்டாம் செமஸ்டர் நுண்கணிதக் கேள்வித்தாள் எங்கோ இருக்கும், தேடி எடுங்கள். அதில் நீங்கள் விட்ட முதல் கேள்வியை ஒரு புது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு, 11 மணிக்குள் படுத்துவிடுங்கள். நாலு வாரம் கழித்து, உங்கள் பிழைகள் எந்த வகையில் அதிகம் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.